கண்டவர்களின் வாக்குமூலம்: ஏசாயாவின் தாசன் பாடலுக்கு ஒரு விளக்கவுரை

பெரிய வெள்ளி ஆராதனையில் ஏசாயா 53 வாசிக்காத சபை அநேகமாக இருக்காது. ஆனால் அந்தப் பகுதி 53ஆம் அதிகாரத்தில் தொடங்குவதில்லை. மூன்று வசனம் முன்னதாக, 52:13இல் தொடங்குகிறது. இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. கேன்டர்பரி பேராயராக இருந்த ஸ்டீபன் லாங்டன் போட்டவை என்பார்கள். மனிதர் இங்கே ஒரே பேச்சை இரண்டாக வெட்டிவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் புனித வெள்ளி வாசகம் 52:13 முதலே தொடங்குகிறது. மற்றவர்களும் அப்படியே வாசிப்பது நல்லது. காரணம் போகப்போகத் தெரியும்.

மொத்தம் பதினைந்து வசனம். முதல் மூன்றில் பேசுகிறவர் கடவுள். நடுவில் ‘நாங்கள்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம் பேசுகிறது. முடிவில் மறுபடி கடவுள். யாரைப் பற்றி இத்தனை பேச்சும் நடக்கிறதோ, அந்தத் தாசன் முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல்லும் பேசவில்லை. பாடு என்றால் என்ன, பலி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு இந்தப் பகுதிக்குள் நுழைகிறவர்கள் முதலில் இதை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பாடுபட்டவர் தம் பாடுகளுக்குப் பொருள் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சொல்கிறார்கள். அதுவும், அதுவரை தாங்கள் நினைத்திருந்தது தப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகு.

ஏசாயா 40 முதல் 55 வரையிலான அதிகாரங்களின் பின்னணி பாபிலோன் சிறையிருப்பு. கி.மு. எட்டாம் நூற்றாண்டு ஏசாயாவே முன்னறிந்து எழுதினார் என்பது மரபு. சிறையிருப்பில் வாழ்ந்த இன்னொரு தீர்க்கதரிசியின் குரல் என்பது இன்றைய பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. எப்படி எடுத்துக்கொண்டாலும், பேச்சு யாரை நோக்கிப் போகிறதோ அவர்கள் ஊரை இழந்தவர்கள். கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து ஆலயம் எரிந்தது. கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பாபிலோனில் இருந்த யூதருக்குப் பலிபீடம் இல்லை, ஆசாரியனுக்கு வேலையும் இல்லை. பழைய ஏற்பாட்டில் பலியைப் பற்றிய மிகத் துணிச்சலான பேச்சு, பலி செலுத்த இடமே இல்லாத மக்களிடம் பேசப்பட்டிருக்கிறது.

இப்படித் தாசனைப் பற்றி நான்கு பாடல்கள் இந்த அதிகாரங்களில் இருப்பதாக 1892இல் ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்ட் டூம் பிரித்துக் காட்டினார். நாம் பார்க்கப்போவது நான்காவது.

52:13–15

கதை சொல்கிறவர்கள் முடிவைக் கடைசிவரை ஒளித்துவைப்பார்கள். கடவுள் இங்கே முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறார்: இந்தத் தாசன் உயர்த்தப்படுவார். அதற்குப் பிறகுதான் முகம் வருகிறது. மனித முகம் என்றே சொல்ல முடியாதபடி சிதைந்துபோன முகம். பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். அந்த அளவுக்கே பிற்பாடு அரசர்களும் திடுக்கிட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்கிறார்.

53:1இலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது. அவர்களுக்கு இது ஒப்பாரியாகவே தோன்றும். முதல் மூன்று வசனத்தோடு சேர்த்து வாசித்தால் தீர்ப்பு ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது தெரியும். சாட்சிகள் அதற்குப் பிறகுதான் கூண்டில் ஏறுகிறார்கள்.

சிதைந்த முகத்தை இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்க வேண்டும். லேவியராகமம் 22ஆம் அதிகாரத்தின்படி குருடான, கால் ஒடிந்த, புண்பிடித்த மிருகம் பலிபீடத்துக்கு வரக்கூடாது. 21ஆம் அதிகாரத்தின்படி அங்கத்தில் பழுதுள்ள ஆசாரியன் பலி செலுத்தக் கிட்டே வரக்கூடாது. ஆக, பலிபீடத்தின் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இந்தத் தாசன் பலியாகவும் தகுதியற்றவர், பலியிடவும் தகுதியற்றவர். பத்தாம் வசனத்தில் இவரைப் பலி என்று சொல்லப்போகிறார்கள். அந்த வசனத்துக்கு வரும்போது இதை மறந்துவிடக் கூடாது.

53:1–3

குரல் மாறுகிறது. பேசுகிற ‘நாங்கள்’ யார்? முந்தின வசனத்தில் வாயடைத்துப்போன அந்நிய அரசர்கள் என்பாரும் உண்டு, தாசனின் சொந்த ஜனங்கள் என்பாரும் உண்டு. எட்டாம் வசனத்தில் ‘என் ஜனம்’ என்று வருவதால் சொந்த ஜனங்கள் என்றே எனக்குப் படுகிறது. அந்நியர் தவறாக நினைத்தார்கள் என்பதில் பெரிய செய்தி ஒன்றுமில்லை.

நாங்கள் கேட்டதை யார் நம்புவார்கள் என்று தொடங்குகிறார்கள். யோவான் சுவிசேஷமும் (12:38) ரோமருக்கு எழுதின நிருபமும் (10:16) இந்தக் கேள்வியைத்தான் எடுத்தாளுகின்றன. பிறகு வறண்ட நிலத்தில் முளைத்த ஒரு செடி. கவர்ச்சியில்லை, தோரணையில்லை, பார்த்தவுடன் பிடித்துப்போகும்படி எதுவும் இல்லை. மக்கள் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடித்தவர்கள் சிலர்தான் இருந்திருப்பார்கள். முகத்தைத் திருப்பியவர்கள் ஊர் முழுக்க.

53:4–6

பாடலின் நெஞ்சு இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இந்த ‘நாங்கள்’ இறைவன் நினைவே இல்லாதவர்களல்ல. அவர்களிடம் ஒரு போதனை இருந்தது: இவன் இவ்வளவு படுகிறான் என்றால் கடவுள்தான் இவனை அடித்திருக்க வேண்டும். அதற்கு வேதத்தில் ஆதாரமும் காட்டுவார்கள். உபாகமம் 28 கீழ்ப்படிந்தவனுக்கு ஆசீர்வாதம், மீறினவனுக்கு நோயும் தோல்வியும் என்று அடுக்கடுக்காகச் சொல்லவில்லையா? யோபுவின் நண்பர்கள் மூவரும் இதையே அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்னார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் குருடாய்ப் பிறந்தது யார் செய்த பாவத்தால் என்று இயேசுவிடம் கேட்டதும் (யோவான் 9) இதே போதனையை வைத்துக்கொண்டுதான். நம் ஊரிலும் பக்கத்து வீட்டில் தொடர்ந்து சாவு விழுந்தால், எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தார்களோ என்று சொல்லிக்கொண்டே வாசலைக் கடந்துபோவோம். அப்படிச் சொல்லிவிட்டால் உள்ளே போய் உட்கார வேண்டியதில்லை.

நான்காம் வசனத்தில் அந்தப் போதனை உடைகிறது. அவர் சுமந்தது எங்களுடையதை, நாங்களோ கடவுள் அவரை அடித்ததாக எண்ணினோம் என்கிறார்கள். பாடுபடுகிறவன் பாவி என்ற பழைய கணக்கு தப்பு என்று எங்கோ ஒரு மூலையில் கற்பித்ததல்ல இது. தப்புக்கணக்குப் போட்டவர்களே பெயர் போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். இங்கே வருகிற எல்லாமே ‘எங்கள்’ மீறுதல், ‘எங்கள்’ அக்கிரமம். ‘உங்கள்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. இந்த வசனங்களை எடுத்து அடுத்தவனை நோக்கிப் பிரசங்கிக்கிறவர், பிரசங்க மேடையில் நிற்கிறார் என்பதை மறந்துவிட்டு நியாயாதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஐந்தாம் வசனத்தின் கடைசிப் பகுதி, அவருடைய தழும்புகளைப் பற்றியது, நம்மிடம் வசனக் காலண்டர்களிலும் சுகமளிக்கும் கூட்டச் சுவரொட்டிகளிலும் தனியாகக் கழன்று வந்துவிட்டது. அதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. மத்தேயுவும் (8:17) இயேசு கப்பர்நகூமில் வியாதிக்காரரைக் குணமாக்கியதைச் சொல்லிவிட்டு, உடனே இந்தப் பாடலின் நான்காம் வசனத்தைத்தான் காட்டுகிறார். ஆனால் சுவரொட்டியில் ‘நாங்கள் தப்பாக நினைத்தோம்’ என்ற பகுதி வருவதில்லை. வாக்குமூலத்தை வெட்டிவிட்டுச் சுகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது.

புதிய ஏற்பாட்டில் இந்த ஐந்தாம் வசனத்தைப் பேதுருவின் முதல் நிருபம் (2:18–25) எடுத்தாளும் விதத்தையும் பார்க்க வேண்டும். அது பேசுவது வீட்டு அடிமைகளிடம், அதுவும் முரட்டு எஜமான்களிடம் சிக்கிக்கொண்ட அடிமைகளிடம். ரோமச் சட்டத்தில் எஜமான் தன் அடிமையை அடித்தால் கேட்க ஆளில்லை. அந்த முதுகுகளில் இருந்த தழும்புகளைப் பேதுரு கர்த்தருடைய தழும்புகளோடு சேர்த்துவைக்கிறார். தப்பிக்க வழியில்லாதவனிடம், நீ அடிபடும் இடத்தில் உன் ஆண்டவரும் இருந்தார் என்கிறார். பின்னாளில் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகளின் சொந்தக்காரர்கள் வீட்டு அடிமைகளுக்கு எழுதிய இந்த வார்த்தைகளைத் தங்கள் அடிமைகளுக்கு வாசித்துக்காட்டினார்கள். அடிபட்டவனுக்கு ஆறுதலாக வந்த கடிதத்தைச் சவுக்கு பிடித்தவன் பிரித்து வாசித்தான்.

ஆறாம் வசனம் வழிதப்பிய ஆடுகளைப் பற்றியது. எல்லோரும் அவரவர் வழியே போனோம் என்கிறது. தெளிவாக இருக்கிறது, விளக்கம் தேவையில்லை.

53:7

இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று அறுக்கக் கொண்டுபோகும் குட்டி. இன்னொன்று மயிர் கத்தரிப்பவன் முன் நிற்கும் ஆடு. முதலாவது திரும்பி வராது, இரண்டாவது வந்துவிடும். இரண்டும் சத்தமிடுவதில்லை. கம்பளி கத்தரிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆட்டைத் தூக்கிப் பின்புறத்தில் உட்காரவைத்து அதன் முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொள்வான் கத்தரிப்பவன். கால் தரையில் பாவாத ஆடு துள்ளாது. கத்தரி வயிற்றைத் தொட்டு, விலாவில் ஏறி, முதுகைச் சுற்றி வரும்வரை அப்படியே கிடக்கும். அது பொறுமையா, பயமா என்று ஆட்டிடம் கேட்க முடியாது.

தாசனின் மௌனமும் அப்படித்தான். அது என்ன மௌனம் என்று பாடல் சொல்லவில்லை. பார்த்தவர்கள் அதைக் குறித்துவைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் நம் சபைகளில் இந்த வசனம் ஒரு கட்டளையாகிவிட்டது. புருஷன் அடிக்கிறான் என்று ஒருத்தி வந்து நின்றால், ‘இயேசப்பா வாய் திறந்தாரா? நீயும் பொறுத்துக்கம்மா’ என்று ஜெபம் செய்து திருப்பி அனுப்புகிற பெரியவர்களை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரியவர்கள் சுவிசேஷங்களை முழுவதும் வாசித்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. பிலாத்துவின் முன் பெரும்பாலும் பேசாமல் நின்ற அதே இயேசு, பிரதான ஆசாரியனின் வீட்டில் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது எதற்காக அடித்தாய் என்று அவனையே கேட்டார் (யோவான் 18:23). கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்று மன்றாடினார். சிலுவையில் கடவுள் தம்மைக் கைவிட்டது ஏன் என்று உரத்த குரலில் கதறினார். பவுல் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடிபட்டுச் சிறையில் கிடந்தவர். மறுநாள் காலையில் ரகசியமாக வெளியே போகச் சொன்னபோது, ரோமக் குடிமகனை அடித்தவர்கள் நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). எரேமியாவும் தன்னை அறுக்கக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டி என்று சொல்லிக்கொண்டவர்தான். சொன்ன கையோடு, நியாயம் செய்யும்படி கடவுளிடம் முறையிட்டார் (எரேமியா 11:19–20).

வாய் திறக்காதது தாசனுடைய செயல். அதைக் கண்டு வாய் திறக்க வேண்டியவர்கள் ‘நாங்கள்’. ஏழாம் வசனத்தைப் பாடுபடுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

53:8–9

இதுவரை நோய், காயம் என்று வந்தது. இப்போது நீதிமன்றம் வருகிறது. ஒடுக்கி, தீர்ப்பென்று ஒன்றைக் கொடுத்து, உயிரோடிருப்பவர்களின் நாட்டிலிருந்து அவரை வெட்டிப்போட்டார்கள். ஆக, இது வானத்திலிருந்து விழுந்த துன்பமல்ல. மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய தீர்ப்பு. அவர் கொடுமை செய்யவில்லை, வஞ்சகம் பேசவில்லை. ஆனாலும் துன்மார்க்கரோடும் ஐசுவரியவானோடும் புதைக்கப்பட்டார். இங்கே ஐசுவரியவானைக் கண்டதும் நமக்கு அரிமத்தியா ஊர் யோசேப்பு நினைவுக்கு வருவார், மத்தேயு அவரைப் பணக்காரர் என்றே சொல்கிறார். ஆனால் பாடலுக்குள் அந்தச் சொல் துன்மார்க்கனுக்கு இணையாக நிற்கிறது. ஐசுவரியவான்கள் கொடுமையால் நிறைந்தவர்கள், அவர்கள் ஊரார் பொய் பேசுகிறவர்கள் என்று மீகா (6:12) சாடியதை அறிந்த காதுகளுக்கு இந்த இணை விசித்திரமாகப் பட்டிருக்காது.

இந்த இடத்தைத்தான் காசா போகும் பாதையில் ரதத்தில் உட்கார்ந்து ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் பொக்கிஷத்துக்குப் பொறுப்பானவர், அண்ணகர். அப்போஸ்தலர் 8இல் லூக்கா எடுத்தெழுதும் வரிகள் ஏழாம் வசனத்திலும் எட்டாம் வசனத்தின் பாதியிலும் அடங்குகின்றன. ஜனத்தின் மீறுதலுக்காக அடிபட்டார் என்ற பகுதிக்குச் சற்று முன்பே லூக்கா நிறுத்திவிடுகிறார். அப்படியானால் அந்த மந்திரியைப் பிடித்து நிறுத்தியது எது? அதே எட்டாம் வசனத்தில் இந்த மனிதனுடைய வம்சத்தைப் பற்றி யார் சொல்வார்கள் என்ற கேள்வி இருக்கிறது. பிள்ளை பெறும் வழி அடைக்கப்பட்ட ஒருவர், உபாகமம் 23:1இன்படி சபைக்குள்ளேயே வர அனுமதியில்லாத ஒருவர், வம்சமில்லாமல் வெட்டப்பட்டவரைப் பற்றி வாசிக்கிறார். தீர்க்கதரிசி இதைத் தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று, வழியில் ரதத்தில் ஏறிக்கொண்ட சுவிசேஷகர் பிலிப்புவிடம் அவர் கேட்டது படிப்புக்காகக் கேட்ட கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. பத்தாம் வசனத்தில் இந்தத் தாசன் தன் சந்ததியைக் காண்பார் என்று வரும். இன்னும் சற்றே சுருளைத் திருப்பினால் 56ஆம் அதிகாரத்தில், மகன்களும் மகள்களும் தருவதைவிட மேலான பெயரை ஆலயத்தில் அண்ணகருக்குத் தருவேன் என்ற வாக்கும் வரும். ரதம் ஓடிய தூரத்தில் அவர்கள் அதுவரை வாசித்தார்களா என்று லூக்கா சொல்லவில்லை.

அவர் கேட்ட கேள்விக்குப் பிலிப்பு இயேசு என்று பதில் சொன்னார், கிறிஸ்தவர்கள் அன்றிலிருந்து அதையே சொல்கிறோம். யூத உரைகாரர்களில் பெரியவரான ராஷி (1040–1105) தாசன் என்பது இஸ்ரவேல் ஜனமே என்றார். 41:8, 44:1, 49:3 எல்லாம் இஸ்ரவேலைத் தாசன் என்றே அழைப்பதால் அவர் வாதத்துக்கு நல்ல பலம் உண்டு. அவர் இளமையில் மைன்ஸ், வோர்ம்ஸ் நகரங்களின் யூதப் பள்ளிகளில் படித்தவர். 1096இல் எருசலேமை மீட்கப் புறப்பட்ட சிலுவைப் போர்க்கூட்டங்கள் வழியில் அதே நகரங்களின் யூதர்களைக் கொன்று குவித்தன. அடிபட்டவனைக் கடவுளே அடித்தார் என்று எண்ணினோம் என்ற நான்காம் வசனத்தை, துணியில் சிலுவை தைத்துக்கொண்டு போன அந்தக் கூட்டம் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பாடலின் நாயகன் யார் என்பதில் நம் பதில் சரியாக இருக்கலாம். அதில் நாம் எந்தப் பாத்திரம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளாவிட்டால் சரியான பதிலும் உதவாது.

53:10

கர்த்தர் அவரை நொறுக்கச் சித்தங்கொண்டார் என்ற பொருளில் வருகிற வசனம் இது. பலருக்குத் தொண்டையில் சிக்குகிற இடம். இயேசுவுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் இதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்களுக்கும் சிக்கியிருக்கிறது. கர்த்தர் அவரைப் பட்ட அடியிலிருந்து சுத்திகரிக்க விரும்புகிறார் என்று அவர்கள் மாற்றி எழுதிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆனாலும் எபிரெயப் பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாசிக்க வழியுண்டு. எட்டாம் வசனம் அவரைக் கொன்றது மனிதர் கொடுத்த அநியாயத் தீர்ப்பு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. பத்தாம் வசனம் அதை அழிக்கவில்லை, பக்கத்தில் வந்து நிற்கிறது. குழியில் தள்ளி விற்றுப்போட்ட அண்ணன்மாரிடம் யோசேப்பு பேசியதும் இப்படித்தான்: நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக நினைத்தார் என்றார். குழி நல்லது என்று அவர் சொல்லவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவும் கடவுளின் தீர்மானத்தையும் அக்கிரமக்காரரின் கைகளையும் ஒரே மூச்சில் சொல்லி (அப்போஸ்தலர் 2:23) இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்துதான் பலி என்ற சொல் வருகிறது. லேவியராகமம் சொல்லும் ஐந்து வகைப் பலிகளில் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி என்ற நான்கையும் விட்டுவிட்டுப் பாடல் ஐந்தாவதைப் பிடிக்கிறது: குற்றநிவாரணபலி. அதன் விதி லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. ஒருவன் அடுத்தவன் அடைக்கலமாய்க் கொடுத்த பொருளை அமுக்கிவிட்டான், அல்லது கண்டெடுத்ததை இல்லையென்று பொய்ச்சத்தியம் செய்தான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முதலில் எடுத்ததை முழுவதும் திருப்பித் தரவேண்டும். அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். நூறு அமுக்கினவன் நூற்றிருபது. அதை உரியவன் கையில் கொடுத்த பிறகுதான் பழுதற்ற ஆட்டுக்கடா ஆசாரியனிடம் போகும். பலிபீடத்துக்குப் போகும் வழி ஏமாற்றப்பட்டவனின் வீட்டு வாசல் வழியாகத்தான். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது இந்தப் பழைய வழிதான்.

லேவியராகமத்தை எவ்வளவு துருவிப் படித்தாலும் ஒன்று கிடைக்காது: மிருகம் பட்ட வேதனைக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. கொண்டுவந்தவன் தலையில் கைவைக்கிறான், அறுக்கிறான், ஆசாரியன் இரத்தத்தைப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிக்கிறான். இரத்தம் உயிர் என்பதால் அதற்கு அங்கே இடமுண்டு (17:11). வலிக்கு இடமில்லை. ஆட்டுக்கோ இரண்டு புறாக்களுக்கோ வக்கில்லாத ஏழை, எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரணபலியாகக் கொண்டுவரலாம் (5:11). எண்ணெய் ஊற்ற வேண்டாம், சாம்பிராணி வேண்டாம், வெறும் மாவு போதும். மாவுக்கு என்ன வலி? உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பியனுப்பிய பெலிஸ்தர் அதனோடு குற்றநிவாரண காணிக்கையாக வைத்தனுப்பியது பொன்னால் செய்த ஐந்து நோய்க்கட்டி உருவங்களும் ஐந்து பொன் சுண்டெலிகளும் (1 சாமுவேல் 6). எபிரெயர் நிருபம் இரத்தத்தினாலே எல்லாம் சுத்திகரிக்கப்படும் என்று சொல்ல வந்த இடத்தில் ‘கொஞ்சங்குறைய’ என்று ஒரு அளவு வைத்துக்கொள்கிறது (9:22). எழுதியவர் அந்த ஏழையின் மாவை மறக்கவில்லை போலிருக்கிறது.

ஆக, வேதாகமத்தில் பாடு வேறு, பலி வேறு. அதிகம் வலித்தால் அதிகப் பலி என்ற கணக்கு நியாயப்பிரமாணத்தில் இல்லை. மனித உயிரைப் பலியிடுவதோ கடவுளுக்குத் தோன்றாத காரியம் என்று எரேமியா (7:31) கண்டிக்கிறார். இந்த இரண்டு இழைகளையும் முடிச்சுப் போடுகிற இடம் இந்தப் பத்தாம் வசனம். பழுதுள்ளவர் என்று பலிபீடம் தள்ளியிருக்கும் ஒருவரை, மனிதரே என்பதால் சட்டம் தடுத்திருக்கும் ஒருவரை, குற்றநிவாரணபலி என்று அழைக்கிறது. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: பாடு என்பது மற்றவர்கள் அவருக்குச் செய்தது. பலி என்பது அதைக் கொண்டு அவர் செய்தது. நாங்கள் எடுத்துக்கொண்டு திருப்பித் தராததை அவர் திருப்பிக் கட்டினார் என்று கூட்டம் புரிந்துகொண்டது. காயங்களுக்குத் தன்னளவில் புண்ணியம் இருந்திருந்தால் காயப்படுத்தியவர்களுக்கல்லவா நன்றி சொல்ல வேண்டும்?

பிற்காலத்தில் இயேசுவின் சிலுவை எப்படிப் பலியாகிறது என்பது இறையியலாளர்களிடையே பெரிய வழக்காக வளர்ந்தது. 1098இல் அன்செல்ம் முடித்த நூலில் சிலுவை, கடவுளுக்குச் சேரவேண்டிய மாண்பை ஈடுசெய்வது. அவருக்கு ஈடும் தண்டனையும் ஒன்றல்ல, ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை. அடுத்த தலைமுறையின் அபெலார் நம்முள் அன்பை மூட்டுவது என்றார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின் நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார். நம் மேடைகளில் ஒலிப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான், அதுவும் கால்வினிடம் இருந்த நிதானமில்லாமல்: பிதா கோபத்தில் ஓங்குகிறார், குமாரன் குறுக்கே விழுந்து அடியை வாங்கிக்கொள்கிறார். பாடல் அப்படிக் காட்டவில்லை. கடவுள் அடித்ததாக எண்ணியது ‘நாங்கள்’. அந்த எண்ணத்தைத்தான் நான்காம் வசனத்திலேயே கைவிட்டாயிற்று.

53:11–12

1947இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல்சுருள், ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் உள்ளது. அதுவரை நம் கையில் இருந்த முழு எபிரெயப் பிரதிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. பதினோராம் வசனத்தில், தாசன் தன் வருத்தத்துக்குப் பின் காண்பார் என்று வருகிற இடத்தில் எதைக் காண்பார் என்று யூத மரபில் வழிவழியாக வந்த மசோரெத்திய எபிரெயப் பாடம் சொல்வதில்லை. கும்ரான் சுருளில் அங்கே ஒளி இருக்கிறது, பழைய கிரேக்கப் பெயர்ப்பிலும் இருக்கிறது. வெட்டப்பட்டவர் ஒளியைக் காண்பார் என்றால், உயிர்த்தெழுதலை நோக்கி வாசிக்கும் கிறிஸ்தவர்களுக்கு வேறு சொல் தேவையில்லை. அதைவிட ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்: அவர் உயர்வது பாடுபட்டுக்கொண்டே இருப்பதால் அல்ல, பாடு முடிந்ததால். முடிவில்லாமல் அடிவாங்கிக்கொண்டிருப்பது இந்தப் பாடலில் யாருக்கும் ஊழியமாக வைக்கப்படவில்லை.

பன்னிரண்டாம் வசனத்தில் போரில் வென்றவர்களுக்கே உரிய கொள்ளைப் பங்கு அவருக்குக் கிடைக்கிறது. காரணமாக நான்கு காரியங்கள் சொல்லப்படுகின்றன. உயிரை ஊற்றிவிட்டார். அக்கிரமக்காரரில் ஒருவராக எண்ணப்பட்டார்; கைதாகும் இரவில் இயேசு தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாக லூக்கா (22:37) காட்டுவது இதைத்தான். அநேகருடைய பாவத்தைச் சுமந்தார். கடைசியாக, அக்கிரமக்காரருக்காகப் பரிந்து பேசினார். பதினைந்து வசனத்திலும் தாசன் வாய் திறந்தார் என்று தெரிகிற ஒரே இடம் இதுதான், அதையும் கடவுள் சொல்லித்தான் அறிகிறோம். தமக்காக வாய் திறக்காதவர், தம்மைத் தப்பாக எண்ணியவர்களுக்காகத் திறந்திருக்கிறார்.

யோபுவின் புத்தகம் முடியும் விதமும் இதுதான். யோபு பாவம் செய்திருப்பான் என்று அடித்துப் பேசிய மூன்று நண்பர்களையும் கடவுள் கூப்பிட்டு, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா ஓட்டிக்கொண்டு யோபுவிடமே போகச் சொல்கிறார். அவன் உங்களுக்காக ஜெபம் பண்ணுவான், அவனுடைய ஜெபத்தைத்தான் கேட்பேன் என்கிறார். யோபு நீதிமான் அல்ல என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடிய எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் அன்று மறுபேச்சில்லாமல் ஓட்டிக்கொண்டு போனார்கள்.